பழைய கணினியும் இரண்டு இயங்குதளங்களும்

தேயிலைச் செடிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக எவரும் அதனை வேரோடு பிடுங்கி எறிவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, உரமிட்டுக் காத்திருப்பர். மொட்டையாய் நின்ற செடி மீண்டும் கொழுந்து விடும். கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு இந்த உண்மையைக் கைப்பழக்கமாகவே அறிந்து வந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களின் வீட்டிலும் பள்ளியிலும் இன்று கணினி இருக்கிறது. அக்கணினிக்குப் பத்தாண்டு ஆனதும், "இனி இது குப்பைக்குத்தான்" என்று கடைக்காரர் ஒரு சொல் சொன்னால் போதும். படித்தவர்களும் மறுபேச்சின்றித் தலையாட்டுகின்றனர். செடியைப் பற்றிப் பாட்டனுக்கு இருந்த தெளிவு, கணினியைப் பற்றிப் பேரனுக்கு இல்லாமற் போனது ஏன்?

இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குத் தான் அளித்து வந்த ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்றும், இன்டெல் செயலியாயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும் என்றும் அது விதி வகுத்தது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய மேசைக் கணினிகள் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்நிறுவனத்தின் கணக்கில் காலாவதியாகிவிட்டன. லெம்பா பெர்த்தாமின் காய்கறிப் பண்ணை வீடுகளிலும், அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும், மலைநாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கக்கூடிய கணினிகள் பல இத்தகையவையே.

ஆதரவு முடிந்ததென்றால் கணினி நின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். கணினி நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும். தனியாட்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அத்திருத்தங்களைப் பெறலாம் என்று நிறுவனம் அறிவித்தது. ஓராண்டுத் தவணை நோய்க்கு மருந்தாகாது. திருத்தம் பெறாத தளத்தைக் கொண்டு இணையத்தில் உலவுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் குடியிருப்பதற்கு ஒப்பாகும். அதற்காக வீட்டையே இடிக்க வேண்டுமா, தாழ்ப்பாளை மாற்றினால் போதாதா என்பதுதான் கேள்வி.

விடை எளிது. கணினி என்பது வேறு. அதனை ஆட்டுவிக்கும் இயங்குதளம் என்பது வேறு. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவலாம், இயக்கும்போது எது வேண்டும் என்று கணினியே கேட்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய விண்டோஸ் ஒரு பக்கம் இருக்க, மறு பக்கத்தில் தொடர்ந்து திருத்தம் பெறும் லினக்ஸ் தளம் ஒன்றை விலையின்றி அமைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ், இன்று உலகின் பெருங்கணினிகளையும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் இயக்குகிறது. சட்டைப்பையில் உள்ள கைப்பேசியில் அதனை நாள்தோறும் சுமந்து திரிபவர்களே, மேசைமீது அதனை வைக்க அஞ்சுவதுதான் வேடிக்கை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா? ஒன்றையே ஒழுங்காகப் படிக்கட்டும்" என்பது. இதனைத் தமிழ்ப்பள்ளியில் இருந்துகொண்டு சொல்வோரைக் கண்டால் வியப்பே மிகுகின்றது. தமிழ்ப்பள்ளி மாணவன் காலையில் தமிழில் கணிதம் படிக்கிறான். அடுத்த பாடவேளையில் மலாய் எழுதுகிறான். அதற்கடுத்து ஆங்கிலம் வாசிக்கிறான். மூன்றையும் அவன் குழப்பிக்கொள்வதில்லை. எந்த இடத்தில் எது என்பதை ஏழு வயதிலேயே அறிந்துகொள்கிறான். இரண்டு மொழி கற்றால் குழந்தை குழம்பும் என்று தமிழ்ப்பள்ளிகளுக்கு எதிராகப் பிறர் வாதிடும்போது சினங்கொள்ளும் அதே ஆசிரியர், இரண்டு தளம் கண்டால் மாணவன் குழம்புவான் என்று தாமே வாதிடலாமா?

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கட்டற்ற மென்பொருளில் பற்று மிகுந்தோர் சிலர், "விண்டோஸை முற்றாக அழித்துவிடுங்கள், லினக்ஸ் ஒன்றே போதும்" என்கின்றனர். அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது, அறிவுரை ஏற்கத்தக்கதன்று. பள்ளியில் பழைய அச்சுப்பொறி இருக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் பாடக் குறுவட்டுகள் இருக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பல ஆண்டுத் தேர்வுத்தாள்கள் இருக்கும். அனைத்தையும் ஒரே நாளில் அழித்தால், மறுநாளே ஆசிரியர்கள் லினக்ஸைச் சபித்துவிட்டுப் புதுக் கணினிக்கு மனுப் போடுவர். ஆகவே பணியைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. இணையம் செல்லவும் எழுதவும் படிக்கவும் லினக்ஸ். பழைய மென்பொருளையும் அச்சுப்பொறியையும் பயன்படுத்த, இணையத் தொடர்பைத் துண்டித்த விண்டோஸ். புதியது பழகப் பழகப் பழையதன் தேவை தானாகவே குறையும்.

செய்முறைக்கு வருவோர் முதலில் கணினிக்குக் கவாத்து வெட்ட வேண்டும். பழைய மேசைக் கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று. சுழலும் வன்தட்டும் போதாத நினைவகமுமே காரணம். 4 ஜிபி நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, வன்தட்டுக்குப் பதிலாக 240 ஜிபி அளவில் ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தினால், அதே கணினி வேறொரு கணினிபோல் எழும். இதற்கு ஆகும் செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. மலைக்குளிரும் ஈரமும் உள்ள ஊரில் உட்புறத் தூசியைத் துடைத்து, தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தையும் மாற்றிவிடுதல் நலம். அம்மின்கலம் தீர்ந்தால் நாளும் நேரமும் தடுமாறும்.

அடுத்து, எந்த வேலைக்கும் முன்னர்க் கோப்புகள் அனைத்திற்கும் படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, லெம்பா பெர்த்தாமின் வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது, உயிர்களும் போயின. உடைமைகளை ஓரிரவில் சேற்றுக்குப் பறிகொடுத்த ஊருக்கு, முக்கியமானவற்றை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வட்டைப் பிரிக்கும் வேலையில் ஒரு தவறான சொடுக்கு போதும். பத்தாண்டுக் கோப்புகளும் போய்விடும்.

பின்னர் விண்டோஸில் 'விரைவுத் தொடக்கம்' எனும் வசதியை அணைக்க வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக உறங்குவதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் அதன் வட்டில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையும். பிட்லாக்கர் பூட்டு இட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியிலேயே அதன் பங்கைச் சுருக்கி, குறைந்தது 50 ஜிபி இடத்தை வெறுமையாக விட வேண்டும். விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் எழுகிறதா, யூ.இ.எப்.ஐ. முறையில் எழுகிறதா என்று பார்த்து, லினக்ஸையும் அதே முறையில் நிறுவ வேண்டும். இதனைக் கவனியாதோர்தான் "ஒன்று தெரிகிறது, மற்றொன்று மறைந்துவிட்டது" என்று புலம்புகின்றனர்.

லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்க முடியும். இணையம், ஒலி, அச்சுப்பொறி மூன்றும் இயங்குகின்றனவா என்று சோதித்த பிறகே நிறுவலில் இறங்க வேண்டும். விண்டோஸின் பக்கத்தில் நிறுவும் வாய்ப்பை உபுண்டு, மின்ட் போன்ற தளங்கள் தாமே காட்டும். முடிந்ததும், கணினி எழும்போது க்ரப் எனும் பட்டியல் தோன்றி எது வேண்டும் என்று கேட்கும். இரண்டொரு நாளில் விண்டோஸின் கடிகாரம் எட்டு மணிநேரம் பின்தங்கிக் காட்டுவதைக் கண்டு எவரும் திகைக்க வேண்டாம். கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. மலேசிய நேரம் பொதுநேரத்திற்கு எட்டு மணி முந்தியது, அவ்வளவே. ஒரே கட்டளையில் சரிசெய்துவிடலாம். நான்காம் ஆண்டு மாணவனுக்கு உலக நேர வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடத்துணைப்பொருள் கிடைக்குமா?

இடர்களே இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம் ஒன்று, இரண்டு தளம் கொண்ட கணினிகள் சிலவற்றில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. பழைய வன்தட்டையும் கழற்றாமல் வைத்திருப்போர், ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு வட்டு என்று ஒதுக்கினால் இத்தகைய உரசல்கள் பெருமளவு குறையும். மேலும், பள்ளியின் கையிருப்புப் பதிவேட்டில் உள்ள கணினி அரசாங்கத்தின் உடைமை; முறையான ஒப்புதலின்றி அதில் கைவைத்தல் ஆகாது. தொடங்க வேண்டிய இடம், நன்கொடையாக வந்து மூலையில் கிடப்பவையும் வீட்டுக் கணினிகளும்தாம்.

இவ்வளவு பாடுபடுவதால் தமிழுக்கு என்ன பயன் என்று கேட்போர் இருக்கலாம். அதுவே இக்கட்டுரையின் மையம். லினக்ஸில் தமிழ் இடைமுகம் உண்டு. தமிழ்99 விசைப்பலகை உண்டு. லிபரெ ஆபிஸ் எனும் அலுவலக மென்பொருளின் பட்டிகளையும் தமிழில் பெறலாம். விண்டோஸிலும் தமிழ் இடைமுகம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஓரிடத்தில் உள்ளது. விண்டோஸில் ஒரு தமிழ்ச்சொல் தவறாக இருந்தால் தமிழாசிரியர் அதனைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். லினக்ஸில் அதே சொல்லைத் திருத்தி அனுப்பலாம். அங்கே மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களின் கையில் இருக்கிறது. இன்னும் பல சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. சில, தமிழ் இலக்கணம் அறியாதவர்களால் அவசரமாகப் பெயர்க்கப்பட்டவை. புணர்ச்சியும் வேற்றுமையும் நன்கறிந்த ஆசிரியர்கள் ஒதுங்கி நிற்க, கணினித்தமிழ் கெட்டுவிட்டதென்று மேடைதோறும் முழங்குவதால் விளைவது யாது?

மலேசியத் தமிழர்க்கு இத்துறை புதிதுமன்று. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கோலாலம்பூரில் பிறந்து உலகத் தமிழர் கைகளில் தவழ்ந்தது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, கணினி என்றால் பிறர் செய்து தருவது, பழுதானால் பிறர் மாற்றித் தருவது என்று கைகட்டி நிற்பது முன்னோர் முயற்சிக்குச் செய்யும் நன்றியாகாது. இணையம் தடுமாறும் பள்ளத்தாக்குகளுக்கு மேலும் ஒரு பயன் உண்டு. ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் எனும் மென்பொருள் வழியே ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், பின்னர் இணையமின்றியே படிக்கலாம். மூலையில் கிடந்த கணினி நூலகமாகிவிடும்.

கணினியை மட்டும் கொடுத்தால் இவை நிகழ்ந்துவிடுமா? தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்றன. இரண்டு தளம் கொண்ட கணினி மாணவர் கைக்கே சென்றது. எனினும், இரண்டாவது கதவு எங்கே திறக்கிறது என்று காட்ட ஓர் ஆசிரியர் இல்லாத இடத்தில் கதவு இருந்தும் சுவரே. கேரளம் மறுமுனையிலிருந்து தொடங்கியது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், உபுண்டுவை அடியாகக் கொண்ட தளத்தைப் பள்ளிகளுக்கென அமைத்ததோடு ஆசிரியர்களையும் பயிற்றுவித்தது. 2017இல் கைட் எனும் நிறுவனமாக வளர்ந்தது. கணினியை முதலில் ஆசிரியர் திறக்க வேண்டும் என்பதே அங்குக் கிடைக்கும் பாடம்.

"புதுக் கணினிகள் எப்படியும் வரும், அதுவரை பொறுப்போம்" என்பது கடைசி மறுப்பு. வரலாம். வந்தாலும் பத்தாண்டு கழித்து அவற்றிற்கும் ஒரு நிறுவனம் நாள் குறிக்கும். அன்றைய மாணவனும் இதே கையறு நிலையில் நிற்பான். வந்த கணினியைத் தானே பிரித்து, கூட்டி, இரண்டு தளம் இட்டுப் பழகிய மாணவனை அந்த நாள் அச்சுறுத்தாது. எனவே ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் கணினிப் பாடத்தில் மென்பொருள் பயன்பாட்டோடு நில்லாமல், ஓர் இயங்குதளத்தை நிறுவும் பயிற்சியையும் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களேனும் இதனைக் கற்று, ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரேயொரு பழைய கணினியை எடுத்து முயன்று பார்க்கட்டும். திருகாணியைக் கழற்றுவது மாணவனாக இருக்கட்டும். படி எடுத்தாயிற்றா என்று கேட்பது ஆசிரியராக இருக்கட்டும்.