வழக்கில் இல்லாத மூன்றாமவர்

"எத்தனை லட்சம் கேக்காங்க?" அரசு வேலை என்றதும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். என்ன படிக்க வேண்டும், தேர்வு எப்போது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரசின் பால் நிறுவனமான ஆவினில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்று ஏமாற்றியதாக 2021 நவம்பரில் விருதுநகர் மாவட்டக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அந்த வழக்கில் முன்னாள் அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜி 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் ஹாசனில் கைதாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் பேச வேண்டியது நம்மைப் பற்றி.

கேட்ட லட்சங்களைப் புரட்ட, கழுத்தில் கிடக்கும் தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போகிறது. பணத்தைக் கொடுத்ததற்குச் சீட்டு கிடையாது. "நம்ம ஆளுதான்" என்ற ஒரு சொல்தான் பிடிமானம். வேலை வரவில்லையென்றால் "ஏமாந்துட்டோம்" என்று அழுகிறோம். வந்திருந்தால் ஊருக்கு இனிப்பு கொடுத்திருப்போம்.

அரசுப் போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகத் தொடரப்பட்ட இன்னொரு வழக்கில், கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சமரசமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்றிருக்கவும் கூடாது. அந்தச் சமரசத்தில் ஒருவர் இல்லை: பணம் கொடுக்க வழியில்லாமல், நூலகத்தில் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு படித்த பக்கத்துத் தெருப் பெண். அவளுக்குத் திருப்பிக் கொடுக்க யாரிடம் என்ன இருக்கிறது?

அரசு நிறுவனங்கள், வாரியங்களின் பணி நியமனத்தை அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் ஒப்படைக்க 2022 ஜனவரியில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். ஆனால் அந்த ஆணையத்தின் குரூப் 4 தேர்விலேயே மோசடி நடந்து, 2020இல் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்க வேண்டிவந்ததே! சட்டம் மட்டும் போதாது: அரசு டெண்டருக்கும் 1998 முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. "யாருக்கு விடப்போறாங்க" என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது மட்டும் நின்றபாடில்லை.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கட்சிக்காரர்களும் ஆசிரியர்களும் சங்கத்துப் பெரியவர்களும் இதை ஊரறியச் சொல்ல வேண்டும். அடுத்த முறை யாராவது "எத்தனை லட்சம்" என்று ஆரம்பித்தால், வீட்டுப் பெரியவர் குறுக்கிட்டு, "கேட்டவன் பேரைச் சொல்லு, புகார் எழுதுவோம்" என்று சொல்லட்டும்.