இருளர் தரும் பாடம்

“பாம்பென்றால் படையும் நடுங்கும்” என்பது பழமொழி. கண்மாய்க் கரையிலும் மிளகாய்க் கொல்லையிலும் வெறுங்காலுடன் உழைக்கும் நம் அபிராமத்து மக்களுக்கு அந்த நடுக்கம் புதிதன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. கடிபட்டவரைக் காப்பது விஷமுறிவு ஊசி. அம்மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவர்கள் இருளர் என்னும் பழங்குடி மக்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த தடைகளும் அத்தொழிலை நிறுத்தின. உயிரினங்களைக் காத்தது நன்றே. ஆனால் இருளர் வீட்டில் அடுப்பெரிய வழி என்ன? ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் பாம்பியல் அறிஞரின் துணையுடன் அவர்களது பழைய கலைக்கே புதிய பயன் கிடைத்தது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது.

மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டே இன்ன பாம்பு என்று அறிவது இருளரின் கல்வி. விஷத்தை எடுத்து, உறையவைத்து, உலர்த்திப் பொடியாக்குவது ஆய்வுக்கூடத்தின் கல்வி. இரண்டும் அங்கே கைகோத்தன. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த அளவிலேயே பிடிக்கிறார்கள். சில வாரங்கள் மண்பானையில் வைத்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இதுவே மக்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம் என்போம். விலையுயர்ந்த இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதை இயக்கத் தெரியாத மக்களைக் குறை கூறுவது உதவியாகாது. அவர்கள் அறிந்திருப்பதை முதலில் கேட்க வேண்டும். குறைவதை மட்டும் நாம் சேர்க்க வேண்டும். ஊதியமும் உரிமையும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடு அவர்களைப் போற்றியது. ஆனால் ஏட்டுக்கல்வி இல்லாதவரை அறிவற்றவர் என ஒதுக்கும் வழக்கம் நம்மை விட்டுப் போயிற்றா?

அன்புத் தோழியரே! மருத்துவராகவும் பொறியாளராகவும் அதிகாரியாகவும் நம்மில் பலர் நாளை இத்தகைய மக்களிடையே பணியாற்றச் செல்வோம். கற்பிக்குமுன் அவர்களிடம் கற்றுக்கொள்வோமாக!