அந்தக் கடற்கரைக்குச் சாலை வேண்டாம்

கோகர்ணம் போகும் நம்மவர்கள் மகாபலேஸ்வரரைத் தரிசித்து, கோயிலுக்கு அருகிலுள்ள கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலம் அது, போகத்தான் வேண்டும். ஆனால் தெற்கே ஓம் கடற்கரையைத் தாண்டி, குன்றுக்கு அப்பால் பிறை வடிவில் ஒரு சின்னஞ்சிறு கடற்கரை இருக்கிறது. 'ஹாஃப் மூன் பீச்' என்கிறார்கள். சாலை கிடையாது. நடந்தோ படகிலோதான் போகவேண்டும்.

சென்ற ஜனவரியில் மும்பையிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தேன். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதையில், கட்டுமானக் காலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதே பாதையில் பயணியாகப் போனது ஒரு தனி சந்தோஷம்.

ஓம் கடற்கரையிலிருந்து ஒற்றையடிப் பாதை. செம்பாறை, புதர், ஒரு பக்கம் கடலை நோக்கிய சரிவு. முழங்கால் வலியால் என் மனைவி ஓம் கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படகு ஏறவும் அவளுக்குப் பயம்.

"மாமா, இங்கே ஒரு ரோடு போட்டா அத்தையும் வந்திருப்பாங்களே!" என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்விதான். வேலையில் இருந்த காலம் முழுவதும் 'போடலாம்' என்றே சொல்லிப் பழகியவன், அன்று 'வேண்டாம்' என்றேன்.

காரணம் இருக்கிறது. சாலை என்றால் குன்றை வெட்டவேண்டும். வெட்டிய சரிவில் மழைநீர் இறங்கினால் மண் பிடிப்பை இழக்கும். 2024 ஜூலையில், கோகர்ணத்துக்குச் சற்று வடக்கே அங்கோலா அருகிலுள்ள ஷிரூரில், தேசிய நெடுஞ்சாலை 66-இன் மேல் மலை சரிந்து பலர் மாண்டார்கள். நெடுஞ்சாலையும் ரயிலும் நாட்டுக்குத் தேவை. அதற்காகச் சில அபாயங்களை ஏற்று, காவலும் போடுகிறோம். நாலு பேர் காரை விட்டு இறங்காமல் கடல் பார்ப்பதற்கு அது தேவையா? சாலை வந்தால் கடையும் குப்பையும் பின்னாலேயே வரும்.

திரும்பி வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். "ரோடு வேண்டாம், சரி. கால் நல்லா இருந்தப்பவே என்னைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்போதெல்லாம் எனக்கு லீவு எடுக்கத் தோன்றியதே இல்லை.

ஆகவே அன்பர்களே, சாலைக்காகக் காத்திருக்காதீர்கள். கால் நடக்கும்போதே, வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். மழைக்காலம் வேண்டாம், இருட்டுமுன் திரும்புங்கள், ஆழத்தில் இறங்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.