படிக்காவிட்டால் பட்டறையா?



“ஒழுங்காகப் படிக்காவிட்டால் மோட்டார் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.” வகுப்பறையிலும் வீட்டிலும் பிள்ளைகளை அச்சுறுத்த நாம் எடுத்தாளும் வாக்கியங்களுள் இதுவும் ஒன்று. இதனை நம் பள்ளிகளிலிருந்து அடியோடு நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. பட்டறைத் தொழில் இழிவானதன்று என்பது ஒரு காரணம். ஓர் இயந்திரத்தை நீண்ட காலம் உழைக்கச் செய்வதற்கே படிப்புத் தேவை என்பது அதனினும் பெரிய காரணம். அந்தப் படிப்பைத்தான் நாம் கொடுப்பதில்லை.

செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். விடியலில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் அதே காப்சாய்தான் தந்தையை வேலைக்காட்டுக்கும் சுமந்து செல்கிறது. அது நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடுகிறது. நம் வருகைப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் வெறுமையாகிறது. தார்ச்சாலைக்கென உருவான அச்சிறு வண்டி, செம்மண் பாதையிலும் சேற்றிலும் ‘ஸ்க்ரம்ளர்’ வண்டி செய்யும் வேலையைச் செய்கிறது. ஸ்க்ரம்ளருக்குரிய கவனிப்பு மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை.

மண்தடப் போட்டி வண்டிகளின் கையேடுகளைப் புரட்டினால் ஒன்று விளங்கும். எண்ணெய் மாற்றுவதையும் பிஸ்டனைச் சோதிப்பதையும் அவை ஓடிய மணி நேரத்தைக் கொண்டே வரையறுக்கின்றன. சேற்றில் முதல் கியரில் உறுமும் இயந்திரம் மிகுதியாகச் சுழன்றாலும் வண்டி சிறிது தூரமே நகர்கிறது. ஆகவே கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். தோட்டப் பாதையில் ஓடும் காப்சாய்க்கும் இது பொருந்தும். “இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஆகவில்லையே” என்று எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது சிக்கனமாகாது.

இயந்திரத்திற்கு முதற்பகைவன் புழுதி. மண்ணிலுள்ள நுண்மணல் உலோகத்தையே தேய்க்க வல்லது. காற்று வடிகட்டி பழுதானால் அம்மணல் உருளைக்குள் புகுந்து, பிஸ்டன் வளையங்களையும் உருளைச் சுவரையும் உரசித் தேய்க்கிறது. பிறகு அழுத்தம் குறையும், எண்ணெய் எரியும், பின்னால் நீலப்புகை வரும். அதன்பின் எவ்வளவு உயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் தேய்ந்த உலோகம் வளரப் போவதில்லை. நுரைப்பஞ்சு வடிகட்டியாயின் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, அதற்குரிய எண்ணெய் தடவி, மிகுதியைப் பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையில்தான் புழுதி ஒட்டும். உலர்ந்த பஞ்சு நுண்துகளை விட்டுவிடும். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, மாற்றிவிட வேண்டும். இவ்வேலைக்குப் பத்து வயதுப் பிள்ளையின் கைகள் போதும்.

எண்ணெயிலும் ஓர் அறிவியல் பாடம் உண்டு. பெரும்பாலான காப்சாய்களில் இயந்திரம், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. மீதமிருக்கிறதே என்று மகிழுந்து எண்ணெயை ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்பட்ட பொருள்களால் கிளட்ச் வழுக்கக்கூடும். இதனால்தான் ஜப்பானியர் 1998இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கெனத் தனித்தரம் வகுத்தனர். புட்டியின் பின்புறத்தில் ‘ஜாசோ எம்ஏ’ என்னும் குறியீடு இருக்கிறதா என்று பிள்ளையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிப்புப் பயிற்சி நூலில் மட்டுமா இருக்கிறது?

கணிதம் வேண்டுமா? ஹோண்டாவின் பழைய ‘கப்’ வகை இயந்திரங்களில், குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அது மிகுந்தால் இயந்திரம் தட்டும். இல்லாமற்போனால் வால்வு சரியாக மூடாமல் கருகும். “இந்தத் தசமம் வாழ்க்கையில் எங்கே பயன்படும், ஆசிரியர்?” என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்து இயக்கிப் பார்க்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. உருளைக்குள் நீர் இருக்கையில் பிஸ்டனை வலிந்து மேலேற்றினால் இணைப்புத் தண்டே வளைந்துவிடக்கூடும். முதலில் தீப்பொறிச் செருகியைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெயையும் மாற்ற வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஓடையைக் கடக்கும் ஸ்க்ரம்ளர் இளைஞர்களுக்கும் இதே பாடம்தான்.

நம் பள்ளிகளில் படிநிலை இரண்டில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு நாள், பழைய இயந்திரம் ஒன்றை மேசைமேல் வைத்து, வடிகட்டியையும் பிஸ்டனையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். ஆண்பிள்ளைகள் மட்டும் என்று பிரிக்காதீர்கள். தேர்வுத்தாளில் தடுமாறும் மாணவன் அன்று மற்றவர்க்கு விளக்குபவனாக மாறலாம். படிவம் மூன்றுக்குப் பிறகு தொழிற்கல்லூரி வழியும் உண்டு என்பதை அவன் பெற்றோரும் அன்றே கேட்டுச் செல்லட்டும்.

இதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கலாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். தோட்டத்துச் சாலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்னும் பேச்சு எனக்கு உடன்பாடன்று. அதுவரை அவன் கையில் துணியும் திருகுக்கருவியும் இருக்கட்டும்.

பெற்றோர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் அளவைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். சமதரையில் வண்டியை நிமிர்த்தி வையுங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் செருகி எடுத்து, இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்கிறதா என்று பிள்ளையே சொல்லட்டும். எண்ணெய் மாற்றும் நாளையும் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றவேண்டா. புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.