பாலர் பாடசாலைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கொத்மலைப் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து கொய்யப் புறப்படும் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்த பின்னரே மலைக்கு ஏறுகிறாள். ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று அதற்குப் புதுப் பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் லயத்து மக்களின் நாவில் பழைய பெயரே வாழ்கிறது. தொட்டிற் குழந்தைக்கு அந்த இடம் நல்ல அடைக்கலந்தான். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கோ தொட்டிலும் பாலும் போதமாட்டா. கதை வேண்டும், பாட்டு வேண்டும், களிமண்ணும் வர்ணக் கட்டியும் வேண்டும். கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் விடை கூற ஒருவர் வேண்டும். அதற்குத்தான் பாலர் பாடசாலை. இன்று அதனை முன்பள்ளி என்கிறோம்.

நம் நாட்டில் இலவசக் கல்வி 1945-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970-களில்தான். முதலாம் வகுப்புக்கு முந்திய பருவம் இன்னும் அந்த வட்டத்துக்கு வெளியிலேயே நிற்கிறது. முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கண்காணிப்பில் இருப்பினும், பெரும்பாலானவை பெற்றோர் செலுத்தும் மாதக் கட்டணத்தையும் தொண்டு நிறுவனங்களின் உதவியையும் நம்பியே நடக்கின்றன. ஆதலால், ஊரார் பணம் திரட்டாமல் இப்பாடசாலைகள் நிலைப்பதற்கில்லை.

பணம் திரட்டுவது என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது கட்டடம். அடிக்கல், நாடா வெட்டு, பொன்னாடை, உபயகாரர் பெயர் பொறித்த கல் என்று எல்லாம் சிறப்பாகவே நடந்தேறும். சுவரில் மயிலும் முயலும் வரைந்து முடிப்பார்கள். பிறகு ஆறேழு மாதங்களில் கதவிற் பூட்டுத் தொங்கும். காரணம் மறைபொருளன்று. அங்கே கற்பிப்பவள் பெரும்பாலும் அதே தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்த ஒரு பெண். இரண்டு மாதம் வேதனம் வராவிட்டால் அவள் பொறுப்பாள். மூன்றாம் மாதம் கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுவாள். அவளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கல்லுக்கும் சீமெந்துக்கும் கொடுப்பவர் பலர். ஆசிரியையின் மாத வேதனத்துக்குக் கொடுப்பவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வேதனத்தை யாரிடம் கேட்பது? பழைய கதை ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் திகதி, உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மொண்டிசோரி அம்மையார் தம் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். அந்த அறையை அளித்தவர்கள் அக்குடியிருப்பைச் சீர்திருத்தி நிர்வகித்த நிறுவனத்தார். தருமம் செய்யும் எண்ணம் மட்டும் அவர்களைத் தூண்டவில்லை. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காவலின்றித் திரிந்த பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினர். பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பேணுவது மலிவு என்பது அவர்கள் போட்ட கணக்கு. உலகெங்கும் பரவிய ஒரு கல்விமுறை இப்படி ஒரு கணக்கிலிருந்து பிறந்தது என்றால் வியப்பாயில்லையா!

தோட்ட நிர்வாகத்திடம் செல்வோரும் கைகட்டி நின்று பிச்சை கேட்க வேண்டுவதில்லை. பிள்ளை நல்ல கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு மலையில் நிற்கும் தாய் கூடுதலாகக் கொய்வாள். நடுவே இறங்கி ஓடி வரமாட்டாள். இதனை எடுத்துக்கூறி, இடத்தையும் கூரையையும் தண்ணீரையும் நிர்வாகத்திடம் கேட்பதே முறை. அதனையும் வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்திற் பெற்றுக்கொள்வது நல்லது. துரைமார் மாறிப் போவார்கள், கடிதம் இருக்கும்.

வேதனத்துக்கான பணம் தோட்டத்து மக்களிடமிருந்தே சிறுகச் சிறுக வரவேண்டும் என்பது நம் கருத்து. 2024-ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அரிசியும் மாவும் விற்கும் விலையில் அது எந்த மூலைக்குப் போதும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நூற்றிருபது குடும்பங்கள் உள்ள ஒரு பிரிவில், குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபா என்றாலே பன்னீராயிரம் ரூபா சேர்ந்துவிடும். பிள்ளை உள்ள வீடு, இல்லாத வீடு என்ற பேதம் இங்கே கூடாது. கோயில் திருவிழாவுக்கு எல்லா வீட்டாரும் வரி கொடுக்கிறார்கள் அல்லவா? சாமி ஆண்டுக்கு ஒருமுறை தேரேறுகிறது. பிள்ளைகளோ நாள்தோறும் வருகிறார்கள்.

ஏழைத் தொழிலாளரின் சில்லறைக் காசுக்கு என்ன வலிமை உண்டு என்பதை மலாயாத் தமிழர் காட்டியிருக்கிறார்கள். இரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பால்வெட்டும் மக்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது விலைக்கு வாங்கியது. தோட்டத்தையே வாங்க முடிந்தவர்களின் உறவினம் நாம். ஓர் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க இயலாதென்பது பொருந்தாது.

ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது. நூறு ரூபா கொடுக்கவியலாத வீடும் இருக்கும். நோயாளி இருக்கும் வீடு, குடிகாரன் சம்பளத்தைத் தொலைத்த வீடு, தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று பாட்டி பிள்ளை வளர்க்கும் வீடு, இப்படிப் பல. அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சபையில் வாசிப்பதோ, “நாளைக்குக் காசு கொண்டு வா” என்று திருப்பி அனுப்புவதோ கொடுமையிற் கொடுமை. கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தாற் போதும். ஆசிரியைக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

காசாகக் கொடுக்க இயலாதவர் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுக்கலாம். 1958-ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை மாநிலத்தில் கல்வித் துறையின் இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று முதலிற் பட்டியல் எழுதி ஊரார் முன் வைத்தார்கள். ஒருவர் கரும்பலகை தந்தார், ஒருவர் வாங்கு தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் மக்கள் நழுவிவிடுவார்கள். ‘இரண்டு பாய் வேண்டும்’ என்றால் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். நம் தோட்டத்துப் பட்டியலில் மாட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒரு போத்தல் பால், மரக்கறித் தோட்டம் போட்டவரிடமிருந்து இரண்டு கரட், தச்சு வேலை தெரிந்தவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இடம்பெறலாம். எண்ணப் பழகச் சிரட்டையும் புளியங்கொட்டையும் போதும். கடை விளையாட்டுச் சாமான் வேண்டுவதில்லை.

விழா வைத்துப் பணம் சேர்ப்பதில் எச்சரிக்கை தேவை. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஊரே திரள்கிறது. அன்று பிள்ளைகளின் பெயரால் ஒரு தட்டு ஏந்தினால் நிறையும், செலவும் இல்லை. அதனை விட்டு, மேடையும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு எடுத்துக் கலைவிழா நடத்துவோர் கடைசியிற் கடனோடு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதிர்ஷ்டச் சீட்டு விற்க விரும்புவோர் முதலிற் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் மொய் விருந்து என்றொரு வழக்கம் உண்டு. இலை போட்டுச் சாப்பாடு, எழுந்திருக்கும்போது மொய். பின்னர் அவரவர் விருந்தில் அதனைத் திருப்பிச் செய்தாக வேண்டும். பாலர் பாடசாலை திருப்பிச் செய்யும் மொய் ஒரு பாட்டோ ஆட்டமோதான்; அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுப்பார்கள் பாட்டிமார்.

கணக்கைப் பற்றி ஒரு சொல். பணப் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். லயத்தில் சீட்டுப் பிடித்து ஒரு சதம் பிசகாமல் நடத்துபவர்கள் அவர்களே. வங்கிப் புத்தகத்துக்கு இரண்டு கையெழுத்து இருக்கட்டும். மாத வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாடசாலைக் கதவில் ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். வேதனம் கொடுத்த திகதியும் அதில் இருக்கட்டும். ஊரார் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உழைக்கும் நம் இளைஞர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் வருவார்கள். புதுச் சட்டையும் பட்டாசுமாக லயம் கலகலப்பாயிருக்கும் அந்த இரண்டு நாட்களில், ஓர் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கொடுக்கக்கூடியவர்கள் அவர்களே. பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அச்சிட்டு இப்போதே ஆயத்தமாக வைத்திருங்கள்.