பள்ளியின் பெயரால் ஒரு கொண்டோமினியம்



"பாரம்பரியம் மிக்க நகர்ப்பகுதியில் வானுயர்ந்த சொகுசு அடுக்ககம், விற்பனைக்கு!" இத்தகைய விளம்பரத்தைக் காணாதவர் நம்மில் எவருமிலர். கோலாலம்பூரில் பணிபுரியும் பிள்ளைகளுக்கு வீடு தேடும் பெற்றோர் நம் செகிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரத்திலும் பலர். அவர்களின் கைப்பேசியை நாள்தோறும் இது வந்து தட்டுகிறது. கோயில் மணியோசை, வாழையிலைச் சாப்பாடு, பூமாலைக் கடை எல்லாம் நடக்கும் தொலைவிலாம்! எனக்கு ஒரே ஓர் ஐயம். அந்தப் பூமாலை தொடுப்பவர் எத்தனையாவது மாடியில் குடியிருப்பார்?

வீடு வாங்குவோரைக் குறைகூற இதனை எழுதவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் அவரவர் விரும்பிய இடத்தில் வாழட்டும். என் சினம் வேறொரு வாதத்தின்மீது. நம் முன்னோர் பொதுவுக்கென விட்டுச் சென்ற நிலத்தில் நாமே அடுக்ககம் எழுப்பலாம், வரும் பணத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டால் குற்றமில்லை என்னும் வாதம் அது. இதனை ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வாதம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவூட்டுகிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில், இன்று துன் சம்பந்தன் சாலை என்று வழங்கும் தெருவில், விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. 1904-இல் எழுந்தது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்ற வந்த இலங்கைத் தமிழர்கள் முன்னின்று உருவாக்கியது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட முனைந்தபோது களிமண் எடுத்துச் சூளை வைத்த இடம் அது. அதனாலேயே அப்பெயர். பின்னர் இரயில்வே வந்தது. அதனோடு தமிழரும் வந்தனர். கோயில், பள்ளி, ஆசிரமம் எல்லாம் அவர்களின் சம்பளப் பணத்திலிருந்து முளைத்தவை. ஆசிரமத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் படித்துள்ளனர்.

அந்த ஆசிரம வளாகத்தில் 23 மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியே தெரியவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், அவற்றுக்கென அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் வேறு. பழைய கட்டடத்தை இடிக்க மாட்டோம், கல்விப் பணிக்கு வருவாய் வேண்டும் என்பதே திட்டத்தை ஆதரித்தோர் கூறிய விளக்கம். மக்கள் எதிர்த்தனர், கையெழுத்துத் திரட்டினர், வாசலில் கூடினர். பாரம்பரியத் துறையும் தலையிட்டது. அடுக்ககம் எழவில்லை. ஆசிரமம் இன்றும் நிற்கிறது.

நின்றுவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்கிறீர்களா? கட்டடம் நின்றது. வாதம் சாகவில்லை! ஊருக்கு ஊர் அது உயிரோடு உலவுகிறது. "நிலம் சும்மாதானே கிடக்கிறது?" என்று தொடங்கும். "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே" என்று முடியும்.

பள்ளிக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா? தோட்டப்புறப் பள்ளிகளில் பல பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. நிலம் அரசினுடையது அன்று என்பதால், கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையேந்த வேண்டியிருக்கிறது. விருந்து நடத்தி, நன்கொடைப் புத்தகம் அச்சடித்து, வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை எத்தகையது என்பது நமக்குத் தெரியும். வறுமை தெரிந்தவர்கள்தாம் நாம். ஆயினும் அந்த வறுமையைக் காட்டி நிலத்தைக் கேட்பவரிடம் நாம் இன்னும் கடுமையாகக் கணக்குக் கேட்க வேண்டும்.

கணக்கு இதுதான். அடுக்கக வீடுகள் ஸ்ட்ராட்டா உரிமத்தோடு விற்கப்படுகின்றன. வீடு வாங்கியவருக்கு உரியது. வாசல், வழி, தோட்டம், மின்தூக்கி முதலிய பொதுப்பகுதி, வீட்டுரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த மேலாண்மைக் கழகத்துக்கு உரியது. நிலத்தைக் கொடுத்த அறநிறுவனத்துக்கு என்ன மிஞ்சும்? ஒருமுறை வரும் பணமும், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சில வீடுகளும். பணம் பத்தாண்டில் கரையும். நூறாண்டுக்கு முன் கொடுத்த நிலம் இன்னும் நூறாண்டுக்குப் பள்ளிக்குச் சோறு போடும். வாடகைக்கு விட்டால் மெதுவாகத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் வரும். மண்ணும் கையில் இருக்கும். விற்றதை மீட்க இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கப்போவது யார்?

இன்னொன்றும் உண்டு. கொண்டோமினியத்தில் குடியேறுவோரின் பிள்ளைகள் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு வருவார்களா? வாடகை ஏறினால், வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் குடும்பங்கள் எங்கே போகும்? பள்ளிக்காக விற்று, பள்ளியின் பிள்ளைகளையே துரத்தும் திட்டத்துக்குக் கல்விப்பணி என்று பெயரா?

அந்தச் சாலையின் பெயரை மீண்டும் பாருங்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினர். பால் மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் ஒரே நாளில் இழந்தன. அப்போது, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கினர். சொத்தில்லாதவன் சொத்துச் சேர்த்த வரலாறு அது. அவர் பெயர் தாங்கிய சாலையில், சேர்த்த சொத்தை மாடி மாடியாக விற்க நினைத்ததை என்னவென்று சொல்வது!

கூட்டுறவு என்ற சொல் மட்டும் நம்மைக் காக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பினாங்கு கெலுகோரில் மாடு வளர்த்துப் பால் கறந்து தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கம்போங் புவா பாலாவை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் நிலம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து அடுக்ககத் திட்டத்துக்குப் போனது. மக்கள் நீதிமன்றம் ஏறினர். 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது. அடுத்த மாதமே வீடுகள் இடிந்தன. உரிமப் பத்திரம் தங்கள் பேரில் இல்லை என்பதே அவர்களின் குறை. வாழ்ந்த காலம் சான்றாக ஏற்கப்படவில்லை.

நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு பெரிதில்லை. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்ப் பாருங்கள். தோட்டம் கைமாறுகிறது, செம்பனை வீழ்கிறது, வீட்டு மனைப் பலகை எழுகிறது. கோயிலும் பள்ளியும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்ற கேள்வி அன்றுதான் எழுகிறது. பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம் என்பதை இன்று அங்கு வாழும் எத்தனை பேர் அறிவர்? தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளிதான்.

"நகரம் வளர வேண்டாமா ஆசிரியரே?" என்று கேட்பார்கள். வளரட்டும். 2001-இல் பிரிக்ஃபீல்ட்சின் பழைய இரயில் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி எழுந்த கோபுரங்களுக்குக் கணக்கில்லை. வளர்ச்சிக்கு அங்கே இடமா கிடைக்கவில்லை? 1904-இல் எழுத்தர்கள் கூடி அமைத்த வளாகந்தான் மீதமிருந்ததா?

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்துக்கு வழக்கம்போல் தேநீருக்கு முன் வந்து, வரவு செலவை வழிமொழிந்து, கிளம்பிவிடாதீர்கள். பள்ளி நிலத்தின் உரிமப் பத்திரப் படியை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். யார் பேரில் இருக்கிறது, விற்கவோ அடகு வைக்கவோ யாருக்கு அதிகாரம், உறுப்பினர் ஒப்புதல் வேண்டுமா என மூன்றையும் கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதி வாங்குங்கள். பத்திரம் பள்ளி வாரியத்தின் பேரில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றே ஒரு குழு அமைத்து நில அலுவலகத்துக்குச் செல்லும் நாளைக் குறியுங்கள்.