கரையில் நின்று கடலை அளத்தல்

கேத்திரகணிதம் என்றதும் முகம் வாடும் மாணவர் பலர். "ப.கோ.ப., கோ.கோ.ப. என்று எழுதினாற் புள்ளி கிடைக்கும். அதற்கு மேல் அவற்றாற் பயன் யாது?" என உடப்பைச் சேர்ந்த மாணவனொருவன் நம்மை வினவினான். நியாயமான வினாவே. விடையை அவனூர்க் கடற்கரையிலேயே தேடுவோம்.

கரைக்கு மேற்கே ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நிற்கிறது. நீரில் இறங்காமல் அதன் தூரத்தை அறியவேண்டும். வள்ளத்துக்கு நேரெதிரே மணலில் ஒரு முளை அடிப்போம். அங்கிருந்து, வள்ளத்தை நோக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக, வடக்கே 30 பாகம் அளந்து இரண்டாம் முளையும், அதே கோட்டில் மேலும் 30 பாகம் அளந்து மூன்றாம் முளையும் நடுவோம். இனி மூன்றாம் முளையிலிருந்து கிழக்கே, முளைகளின் கோட்டுக்குச் செங்குத்தாக நடப்போம். இடையிடையே திரும்பிப் பார்த்து, நடு முளையும் வள்ளமும் ஒரே நேரிலே தோன்றுமிடத்தில் நிற்போம். நாம் கிழக்கே நடந்த தூரம் எவ்வளவோ, முதல் முளையிலிருந்து வள்ளத்தின் தூரமும் அவ்வளவே.

காரணம் என்ன? கடற்புறம் ஒரு முக்கோணி. தரைப்புறம் ஒரு முக்கோணி. இரண்டிலும் ஒவ்வொரு செங்கோணம் உண்டு. நடு முளையிலுள்ள குத்தெதிர்க் கோணங்கள் சமம். 30 பாகப் பக்கங்களும் சமம். ஆகவே, கோ.கோ.ப. என்னும் நிபந்தனைப்படி இரு முக்கோணிகளும் ஒருங்கிசைவன; எஞ்சிய பக்கங்களும் சமமாதல் வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே கிரேக்க அறிஞர் தேலீசு கப்பல்களின் தூரத்தைக் கணித்தபோது இத்தேற்றத்தையே பயன்படுத்தியிருக்க வேண்டுமென யூடீமசு கருதியதாகப் புரோக்கிளசு எழுதிவைத்துள்ளார்.

இங்கே மாணவர் இடறும் இடமொன்றுண்டு. மூன்று கோணங்களும் சமமாயின் போதாதா என்பர். மூன்றாம் முளையை 30 பாகத்துக்குப் பதிலாக 15 பாகத்தில் நட்டுப் பாருங்கள். கோணங்கள் மாறா, ஆனால் தரையில் நடக்கும் தூரம் பாதியாகிவிடும். அவை இயல்பொத்த முக்கோணிகள். வடிவம் ஒன்று, அளவு வேறு. ஒருங்கிசைவுக்கு ஒத்த பக்கமொன்றேனும் சமமாயிருத்தல் இன்றியமையாதது.

மணலிற் செங்கோணம் அமைப்பது எங்ஙனம்? 12 முழக் கயிற்றை 3, 4, 5 முழப் பக்கங்களாக இழுத்துப் பிடித்தாற் போதும்; 3, 4 முழப் பக்கங்கள் சந்திக்குமிடத்திற் செங்கோணம் அமையும். எவர் பிடித்தாலும் அதே முக்கோணியே வரும். மூன்று பக்கங்களும் குறிக்கப்பட்டபின் வடிவம் மாற இடமில்லை, ப.ப.ப. கூறுவதும் இதுவே.

ஆகவே, அவ்வெழுத்துக்கள் மனனஞ் செய்யும் மந்திரங்களல்ல. ஒரு முக்கோணியை முழுதாய் அறிய எவற்றை அளந்தாற் போதும் என்பதற்கான உறுதிமொழிகள் அவை. பரீட்சைத் தாளில் அவற்றை எழுதுமுன், "எந்தப் பக்கம், எந்தக் கோணம், ஏன் சமம்?" என உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாளொன்றிற் கயிறும் மூன்று முளைகளுமாகக் கடற்கரைக்குச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வள்ளக்காரர் நங்கூரத்தைத் தூக்குமுன் அளந்து முடித்துவிட வேண்டும்!